நான்காம் அத்தியாயம்

ஜனவரி 7, திங்கள்

தாணுமூர்த்திக்குப் பாராட்டு விழாவாம். அதை நான் எடுத்து நடத்த வேண்டுமாம்.

பிரின்ஸிபால் தன் அறையில் உட்கார வைத்து, காபி வரவழைத்துக் கொடுத்து, அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். "லில்லி மேடம், சாருக்கு எண்பது வயசாவுது. நம்ம இங்கிலீஷ் டிபார்ட்மென்ட்டத் தூக்கி நிறுத்துனவரு. ஒரு நேஷனல் செமினாரா வச்சு, சாருக்கு மரியாத பண்ணிருவோம். நீங்க அவர்ட்ட பிஎச்.டி. பண்ணவங்க. உங்களவிட யாரு பொருத்தம் சொல்லுங்க?"

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றேன். காபியில் சர்க்கரை தூக்கல். முழுதும் குடித்தேன்.

மே மாதம் நான் ஓய்வு பெறுகிறேன். போகிற நேரத்தில் அந்த ஆளின் கழுத்தில் மாலை போடுகிற வேலையும் என் தலையில்தான் விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து அத்தானிடம் சொன்னேன். வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார். "முடியாதுன்னு சொல்லிர வேண்டியதுதான லில்லி?" என்றார்.

"ஏன் முடியாது? ரொம்ப நல்லா நடத்துவேன்."

அத்தான் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வாழைக்காயைப் பார்த்துக்கொண்டார். கல்யாணமாகி முப்பது வருஷம், என்னைத் தெரியாதா அவருக்கு.

ஜனவரி 9, புதன்

மனதுக்குள்ளேயே போட்டு அரைத்து அரைத்து எனக்கே அலுத்துவிட்டது. ஒரு முறை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

நானூறு வருஷத்துக்கு முந்திய லண்டன் நாடகக் கொட்டகைகளைப் பற்றியது என் ஆய்வு. அந்தக் காலத்தில் நடிகர்களுக்கு முழு நாடகத்தையும் கையில் கொடுக்கமாட்டார்கள். கையால் எழுதிப் பிரதி எடுக்க நேரமில்லை. கொடுத்தால் எவனாவது போட்டிக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விடுவான் என்ற பயமும் உண்டு. அதனால் ஒவ்வொருவனுக்கும் அவனவன் பேச வேண்டிய வசனம் மட்டும் நீளத் தாளில் எழுதித் தரப்படும். அதற்குப் பெயர் பார்ட். ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால், எதிராளி பேசி முடிக்கும் கடைசி இரண்டு மூன்று வார்த்தை இருக்கும். அது கியூ. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் இவன் பேச வேண்டும். யார் சொல்வான், எப்போது சொல்வான் என்று எதுவும் தெரியாது. ரேஷன் கடையில் நம் பெயரைக் கூப்பிடுவார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்போமே, அப்படி மேடையில் நிற்பான். சேர்ந்து ஒத்திகை பார்ப்பது அபூர்வம்.

எழுதியவர் பெயர் தெரியாத ஒரு நாடகம் இருக்கிறது. கதை இத்தாலியில் பாதுவா ஊரில் நடப்பதால் துறையில் நாங்கள் பாதுவா நாடகம் என்போம். அதில் ஒரு காட்சி. பிரபுவான அப்பன், மகள் ஓடிப்போய்க் கட்டிய புருஷனைக் கொன்றுவிட்டான். மகள் வந்து தரையில் மண்டியிட்டு நீளமாகப் பேசுகிறாள். அப்பனுடைய கியூ "என்னைப் பாருங்கள் ஐயா". அதற்கு அவன் பதில், "எழுந்திரு பெண்ணே, தரை குளிர்கிறது" என்று தொடங்கும். ஆனால் அந்தக் கியூ மகளின் பேச்சில் மூன்று முறை அவசரமாக முன்கூட்டியே வந்துவிடுகிறது. நூலைப் பதிப்பித்த மேதாவிகள் எல்லோரும் அச்சுக்கோர்த்தவனின் தவறு என்று சொல்லி அவற்றை வெட்டித் தள்ளிவிட்டார்கள்.

தவறில்லை என்று நான் சொன்னேன். அது நாடகக்காரன் தன் நடிகனுக்கே வைத்த பொறி. அப்பனாக நடிப்பவன் மூன்று முறை வாயைத் திறப்பான், மூன்று முறையும் மகள் வெட்டிவிட்டுப் பேசிக்கொண்டே போவாள். நடிகன் நிஜமாகவே தடுமாறுவான். அந்தத் தடுமாற்றம்தான் காட்சி. இது என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம். அதை எழுதிய மாதங்கள்போல் என் வாழ்க்கையில் சந்தோஷமான மாதங்கள் வேறு இல்லை.

தாணுமூர்த்தி சார் என் வழிகாட்டி. "இது வெறும் யூகம்மா லில்லி. எக்ஸாமினர் கிழிச்சுத் தொங்கவிட்டுருவாரு. எடுத்துரு" என்றார். எடுத்துவிட்டேன். பட்டம் வந்தது. இரண்டு வருஷம் கழித்து அவருடைய நீல அட்டைப் புத்தகமும் வந்தது. அதன் நான்காம் அத்தியாயம் என்னுடையது. வார்த்தைக்கு வார்த்தை, நான் கமா போட்ட இடத்தில் கமா. முன்னுரையின் கடைசியில், 'தட்டச்சு செய்து உதவிய செல்வி லில்லி புஷ்பத்துக்கு நன்றி.' எனக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அந்தச் செல்வி என்பதுகூடத் தப்பு.

ஏன் வாயைத் திறக்கவில்லை? என் வேலையை நிரந்தரமாக்கும் நேர்முகத் தேர்வில் நிபுணராக உட்கார்ந்திருந்தவர் அவர்தான். போதுமா?

ஜனவரி 10, வியாழன்

தூக்கத்தில் பல்லைக் கடித்திருக்கிறேன் போல. தாடை வலிக்கிறது.

ஜனவரி 16, புதன்

பொங்கல் விடுமுறை. கடமைக்கு அழைப்பு வைக்கப் பெருமாள்புரத்தில் தாணுமூர்த்தி வீட்டுக்குப் போனேன். ஆள் இன்னும் நிமிர்ந்துதான் நடக்கிறார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய திருநீறு, குரல் மட்டும் பழைய கோயில் மணி மாதிரி அப்படியே இருக்கிறது. அவர் மனைவி தட்டு நிறைய முறுக்கு கொண்டுவந்து வைத்தார்.

"காலேஜ்ல நான்தான் ராஜபார்ட் போடுவேன், தெரியும்லா?" என்று ஆரம்பித்தார். தெரியும். வகுப்பில் பாதி நேரம் அதைத்தான் சொல்வார். "மேடை ஏறி எத்தன வருஷமாச்சு! நாக்கு அரிக்கி."

அந்த நிமிஷத்தில்தான் எனக்குத் தோன்றியது. யோசித்துச் சொன்னதாகச் சொல்ல முடியாது. வாய் தானாகவே பேசிவிட்டது.

"சார், செமினார்ல நீங்களே நடிங்களேன். பழைய லண்டன் முறையிலயே பண்ணுவோம். உங்க பார்ட்ட மட்டும் எழுதித் தாரேன். ஒத்திகை கிடையாது. எதிர்ல யாரு நடிக்கான்னும் சொல்லமாட்டேன்."

மனிதர் குழந்தை மாதிரிச் சிரித்தார். "சபாஷ்! எந்த நாடகம்?"

"பாதுவா நாடகம் சார். அப்பனும் மகளும் பேசுற சீன்."

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்ன நடுக்கம், கண்ணில் ஒரு தயக்கம், எதையாவது எதிர்பார்த்தேன். "ஆங், நல்ல சீன்லா" என்றார். முறுக்கை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். என்ன கொழுப்பு! என் முகத்துக்கு நேராக, என்னிடமிருந்து எடுத்ததைப் பற்றிப் பேசும்போது, முறுக்கு!

சரி. பொறி இருப்பது தெரிந்தே மேடை ஏறட்டும். தெரிந்தாலும் தப்ப முடியாது. எங்கே எத்தனை முறை வரும் என்று பார்ட்டில் இருக்காது, கியூ காதில் விழுந்தால் வாய் திறந்தே ஆகும். நாடு முழுவதிலுமிருந்து வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முன்னால் மூன்று முறை அவர் மூக்கு உடைபட வேண்டும். உடைப்பது யார் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அது போதும் எனக்கு.

ஜனவரி 21, திங்கள்

தாணுமூர்த்தியின் பார்ட்டை எழுதி முடித்தேன். அவருக்குக் கண்புரை இருப்பதால் எழுத்தைப் பெரிதாகப் போட்டேன். தாள்களை நீளவாக்கில் ஒட்டி, சுருட்டி, நாடா கட்டினேன். என்னிடம் ஆய்வு செய்கிற சுகிர்தா எட்டிப் பார்த்து, "கல்யாணப் பத்திரிக மாதிரி இருக்கு மேடம்" என்றாள்.

செமினார் பைக்குத் துணியா சணலா என்று ஒரு மணி நேரம் கூட்டம். சணல்.

ஜனவரி 28, திங்கள்

சுகிர்தாவிடம் இன்று கோபப்பட்டேன். கோபப்பட வேண்டியதுதான்.

மகளாக நடிக்கச் சொல்லி முழுக் காட்சியையும் அவளிடம் கொடுத்திருந்தேன். படித்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள்.

"மேடம், இதுல சார் திணறிருவாங்களே."

"அதுக்குத்தான பண்ணுதோம். பழைய முறை எப்படி வேல செய்யுதுன்னு காட்டணும்ல?"

"ஆனா மேடம், இது சாரோட புக்ல நாலாவது சாப்டர்லயே இருக்கே. அப்ப அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்லா?"

"தெரிஞ்சிருக்கணும்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். இந்தப் பிள்ளைகளிடம் எதையும் மறைக்க முடியாது. "வயசானவங்க மேடம். அத்தன பேரு முன்னால மூணு தடவ பேச்ச வெட்டணும்னா எனக்கு மனசு வரல. வேற யாரயாவது போடுங்க மேடம், ப்ளீஸ்."

மனசு வரவில்லையாம். எனக்கு முப்பத்தைந்து வயதில் மனசு என்ற ஒன்று இருந்தது, அதைக் கேட்டு யாரும் எதையும் நிறுத்தவில்லை. "நீ நடிக்க வேண்டாம். நானே நடிச்சுக்கிடுதேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சொல்லிவிட்ட பிறகு, அதுதான் சரி என்று பட்டது. வேறு யாரோ வெட்டினால் எனக்கென்ன கிடைக்கும்?

பிப்ரவரி 3, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்து வந்து மண்டியிட்டுப் பழகினேன். ஐம்பத்தேழு வயது முழங்கால். கீழே போவது சுலபம், எழுந்திருக்கத்தான் கட்டில் காலைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மகள் பாத்திரத்துக்கு இருபது வயது. பரவாயில்லை, அந்தக் காலத்தில் பையன்கள்தான் பெண் வேஷம் போட்டார்கள். நான் போட்டால் என்ன குறைந்துவிடும்.

பிப்ரவரி 10, ஞாயிறு

அத்தானை அப்பனாக நிற்க வைத்து முழுதும் ஓட்டிப் பார்த்தேன். மின்வாரியத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். ஆங்கிலத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிப் படித்தார். முதல் கியூவில் பேச ஆரம்பித்தார், வெட்டினேன். "ஏ, நான் பேசாண்டாமா?" என்றார். "பேசணும். நான் வெட்டுவேன்." இரண்டாவதிலும் வெட்டினேன். மூன்றாவது முறை அவர் தாளைப் பார்க்கவில்லை. எழுந்திரு என்கிற வார்த்தை மட்டும் மெல்ல வந்தது. அப்புறம் தாளை மடித்துவிட்டார்.

"லில்லி, இந்த ஆளு பாவம்ல?"

"கொலகாரன் அத்தான் அவன்."

"அது சரி. ஆனாலும் பாவம்ல?"

இதற்காகவா இவரை நிற்க வைத்தேன்? சாயங்காலம் எனக்கு மட்டும் காபி போட்டுக் குடித்தேன்.

பிப்ரவரி 18, திங்கள்

பிளெக்ஸ் வந்துவிட்டது. தாணுமூர்த்தியின் தலை ஒரு ஆள் உயரம். என் பெயர் அடியில், மேசை போட்டால் மறைந்துவிடும். கூப்பிட்டுச் சொல்லி, கொஞ்சம் ஏற்றிக் கட்டச் சொன்னேன். பொன்னாடை, சாப்பாடு, காலர் மைக், எல்லாம் பார்த்தாயிற்று. பாயசம் வேண்டுமா என்று கேட்டார்கள். கட்டாயம் வேண்டும் என்றேன்.

பிப்ரவரி 22, வெள்ளி

எங்கே ஆரம்பிப்பது?

காலையில் வாழ்த்துரைகள். ஒவ்வொருவரும் நீலப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துப் பேசினார்கள். மேடையில் அதற்கென்று ஒரு சின்ன மேசை போட்டு, துணி விரித்து, புத்தகத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஹைதராபாத்திலிருந்து வந்த பேராசிரியர் வசுந்தரா ராவ் மட்டும் பாராட்டோடு நிறுத்தாமல், புத்தகத்தின் ஒவ்வொரு அத்தியாயத்தையும் சொல்லிச் சொல்லிப் பேசினார். நான்காம் அத்தியாயம் தன்னை மாணவியாக இருந்தபோதே உலுக்கியது என்றார். தாணுமூர்த்தி தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் பூச்செண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகு நாடகம். போர்த்திய பொன்னாடையைக் கழற்றாமல் அப்படியே பிரபுவாக வந்து நின்றார். நன்றாகத்தான் இருந்தது. நான் நடந்துவந்து மண்டியிட்டதும், "லில்லியா!" என்று வாய்க்குள் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது.

பேச ஆரம்பித்தேன். முதல் கியூ. அந்தக் குரல் எழுந்தது, "எழுந்திரு பெண்ணே, தரை..." வெட்டினேன். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவருக்குக் காது சிவந்தது. எனக்கு அமிர்தம் குடித்த மாதிரி இருந்தது. இரண்டாவது கியூ. அவசரமாகத் தாளைப் பார்த்தார், இடத்தைத் தேடினார், ஆரம்பித்தார், வெட்டினேன். தாள் படபடத்தது மைக்கில் கேட்டது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாவது கியூ. அவர் தாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். குனிந்து, நிஜமாகவே என்னைத் தூக்கிவிடக் கையை நீட்டினார். நான் அதையும் வெட்டினேன். புருஷனைக் கொன்றவனே என்று ஆரம்பிக்கிற இடம் அது, என் தொண்டை கிழியக் கத்தினேன். கடைசியில் உண்மையான கியூ வந்தபோது அவருக்குக் குரலே இல்லை. அப்புறம் வசனத்தை மறந்து, ஆங்கிலத்தை மறந்து, "எந்திம்மா... தர சில்லுன்னு இருக்கு" என்றார்.

அரங்கம் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் வசுந்தரா ராவ் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிரின்ஸிபால் அழுதார். தாணுமூர்த்தியைக் கட்டிப்பிடித்தார்கள், காலில் விழுந்தார்கள். நான் மேசைக் காலைப் பிடித்து எழுந்து நின்றேன்.

நான் எழுதியது அத்தனையும் சரி. நடிகன் தடுமாறுவான், அந்தத் தடுமாற்றத்தில் கொலைகாரன்கூட மனிதனாகத் தெரிவான், பார்ப்பவர்களின் நெஞ்சு அவன் பக்கம் சாயும். நானே எழுதியிருக்கிறேன். பழிவாங்குகிற வெறியில் என் அத்தியாயத்தின் இரண்டாம் பாதியை நானே மறந்துபோனேன்! முதல் தடவையாக என் கண்டுபிடிப்பு மேடை ஏறியது, கைதட்டு வாங்கியது அந்த ஆள். அங்கேயே பிளெக்ஸைக் கிழித்துப் போட்டிருப்பேன்.

கேள்வி நேரம் வந்தது. வசுந்தரா ராவ் மைக்கை வாங்கி மிக மரியாதையாகக் கேட்டார். கியூ மூன்று முறை முன்கூட்டியே வரும் என்பது சாருக்கு முன்பே தெரியும், தெரிந்திருந்தும் எப்படி அவ்வளவு உண்மையாகத் தடுமாற முடிந்தது?

தாணுமூர்த்தி பூரித்துப்போயிருந்தார். புகழ் தலைக்கேறிய குரலில், ஆங்கிலமும் தமிழுமாகக் கலந்து அடித்தார். "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா! இந்த சீன்ல இப்படி ஒரு சங்கதி ஒளிஞ்சு கெடக்குன்னு இன்னைக்கு இந்த நிமிஷந்தான் தெரிஞ்சுது. எல்லாம் நம்ம லில்லி பண்ண வேல. பெரிய கண்டுபிடிப்பு இது! ஏம்மா லில்லி, இத நீ எழுதணும். புக்கா எழுது. நான் முன்னுரை தாரேன்."

நான் நீலப் புத்தகத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

வசுந்தரா ராவ் உட்காரவில்லை. மேடைக்கு வந்து, சின்ன மேசையிலிருந்த நீலப் புத்தகத்தை எடுத்துப் புரட்டி, "ஆனால் சார், இந்த அத்தியாயம் முழுவதும் இதைத்தானே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்?" என்றார்.

"நானா?" என்று அவர் சிரித்தார். வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்து அரங்கமும் சிரித்தது. அவர் புத்தகத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக நின்றது. கடைசியில் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"லில்லி, என்னம்மா இது?"

காலர் மைக் என் புடவையிலேயே இருந்தது. "அத டைப் பண்ணது நான்தான் சார்" என்றேன். "எழுதினதும் நான்தான்."

பிரின்ஸிபால்தான் முதலில் சுதாரித்தார். "சாப்பாடு ரெடி! எல்லாரும் சாப்பிட வாங்க!" என்று கத்தினார்.

பந்தியில் தாணுமூர்த்திக்குப் பக்கத்து நாற்காலிகள் காலியாக இருந்தன. பொன்னாடையோடு உட்கார்ந்து தயிர்ச் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார், சாப்பிடவில்லை. சுகிர்தா போய்ப் பாயசம் வைத்துவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். நான் மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்து இரண்டு முறை பாயசம் வாங்கினேன்.

பிப்ரவரி 23, சனி

ஃபோன் ஓயவில்லை. இத்தனை காலம் எப்படிம்மா பொறுத்துக்கொண்டீர்கள் என்று கேட்கிறார்கள். அன்றைக்கே புத்தகத்தைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்த பழைய சகாக்களும் கேட்கிறார்கள். வசுந்தரா ராவ் பதிப்பகத்தாருக்கு எழுதுகிறேன் என்றார். அடுத்த பதிப்பில் அந்த அத்தியாயம் என் பெயரில் வருமாம்.

சந்தோஷமாக இருக்கிறது. அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. சீலா மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன்.

பிப்ரவரி 25, திங்கள்

கல்லூரியில் எல்லோரும் ஒரு படி கூடுதல் மரியாதையாக இருக்கிறார்கள். சுகிர்தா மட்டும் வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறாள். ஆய்வேட்டில் முதல் அத்தியாயத்தைத் திருத்தித் தரக் கேட்டிருந்தாள். இன்று ஒரே மூச்சில் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தேன். ஒரு பத்தியை அடித்துவிட்டு, பிறகு அடித்ததை அழித்து, 'இது உன்னுடைய யோசனை, விடாதே' என்று ஓரத்தில் எழுதினேன்.

தாணுமூர்த்தியிடமிருந்து ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 27, புதன்

இன்றும் இல்லை.

பிப்ரவரி 28, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டால் அத்தான் என்னைப் பார்க்கிறார். என்னை எதற்குப் பார்க்க வேண்டும்? யாரையும் நான் எதிர்பார்க்கவில்லை.

மார்ச் 2, சனி

வந்தார்.

மத்தியானம் ஆட்டோவில், தனியாக. கையில் நீலப் புத்தகம். அத்தான் அவரைச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து விசிறியைப் போட்டுவிட்டு உள்ளே போனார். கெஞ்ச வந்திருக்கிறார், அல்லது மிரட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். இரண்டுக்குமே பதில் வைத்திருந்தேன். இருபது வருஷமாகத் தீட்டி வைத்த பதில்கள்.

"லில்லி, நான் உள்ளதச் சொல்லுதேன். நம்புனா நம்பு" என்றார். "அத நான் எழுதினேன்னுதாம்மா நெனச்சிட்டு இருந்தேன்."

"எப்படி சார்?"

"அப்ப நீங்க பிள்ளைங்க எல்லாம் கட்டுக் கட்டாக் கொண்டாந்து தருவீங்க. நானும் எழுதி எழுதி வைப்பேன். எல்லாம் ஒரே பீரோவுல கெடந்துச்சு. ரிட்டயர் ஆன நேரம், பிரஸ்காரன் வாசல்ல வந்து நிக்கான். இருந்ததக் கட்டித் தூக்கிக் குடுத்துட்டேன்."

"படிச்சுக்கூடப் பாக்காமயா?"

"அங்கங்க பாத்திருப்பேன். புரூஃப் பாத்தது வேற ஆளு."

"நீங்கதான் சார் என்னை எடுத்துரச் சொன்னீங்க. யூகம்னு சொன்னீங்க. எக்ஸாமினர் கிழிச்சிருவாருன்னு."

அவர் யோசித்தார். நடிக்கவில்லை. அவர் நடிப்பு எனக்குத் தெரியும், நன்றாகவே தெரியும்.

"அப்படியா சொன்னேன்?" என்றார்.

தீட்டி வைத்த பதில் ஒன்றுகூட எனக்கு உதவவில்லை. நான் வெறுத்துக்கொண்டிருந்த ஆள் ஒருத்தன் இருந்தான். என் அத்தியாயத்தை வரிவரியாகப் படித்து, அதன் அருமை தெரிந்து, பொறாமைப்பட்டு, வேண்டுமென்றே என்னை ஏமாற்றி எடுத்துக்கொண்டவன். அந்த ஆளோடு இத்தனை வருஷம் சமையலறையில், பேருந்தில், வகுப்பில் சண்டை போட்டிருக்கிறேன். அப்படி ஒருவன் இல்லவே இல்லை. இவர் படிக்கவே இல்லை! திருடனுக்காவது எடுத்த பொருளின் மதிப்பு தெரியும். இவருக்கு அது பீரோவில் கிடந்த காகிதம். 'எடுத்துரு' என்று சொன்ன அன்றைக்கும் அவர் படித்திருக்கவில்லை. படிக்காமலேதான் சொல்லியிருக்கிறார்.

"மன்னிச்சிரும்மா" என்றார். கையைக்கூடக் கூப்பினார். "பதிப்பகத்துக்கு எழுதிட்டேன். உம் பேரப் போடச் சொல்லிட்டேன். வேற என்ன செய்யணும், சொல்லு."

அத்தான் தேநீரோடு வந்தவர் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"படிங்க" என்றேன்.

"என்னது?"

"நாலாவது அத்தியாயம். இங்க, என் முன்னால, சத்தமாப் படிங்க."

எனக்குக் கண்ணு தெரியாதேம்மா என்று சொல்லிப் பார்த்தார். மேசை விளக்கைக் கொண்டுவந்து வைத்தேன். என் பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். வேறு வழியில்லாமல் புத்தகத்தைத் திறந்தார். படிக்க ஆரம்பித்தார்.

முதலில் வெறுமனே வார்த்தைகளைத் தாண்டிக்கொண்டு போனார். ஒரு இடத்தில் அவசரப்பட்டு ஒரு வரியை விட்டார், திரும்பப் படிக்கச் சொன்னேன். தேநீர் ஆறியது. அச்சுக்கோர்த்தவனின் தவறல்ல என்று நான் வாதாடுகிற பக்கம் வந்தது. அங்கே குரல் மாறியது. நிறுத்தி நிறுத்திப் படித்தார். ஒரு வாக்கியத்தை நான் சொல்லாமலேயே இரண்டாம் முறை படித்தார். பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"லில்லி, எவ்வளவு நல்லா எழுதிருக்கம்மா!"

ஆய்வேட்டை அவர் மேசையில் வைத்துவிட்டு இந்தச் சொல்லுக்காக அவர் அறை வாசலில் நான் நின்றிருக்கிறேன். இன்று அது வந்தபோது ஒன்றும் தோன்றவில்லை. கண்ணில் தூசி விழுந்திருந்தது, உள்ளே போய்க் கழுவிவிட்டு வந்தேன். நான் வரும்வரை அவர் படிக்காமல் காத்திருந்தார்.

"அடுத்த பக்கம் சார்."

இருட்டுவதற்கு முன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஆட்டோக்காரர் வந்து நின்றார். பாதிகூட முடியவில்லை. நாளை ஞாயிறு, நான் கோயிலுக்குப் போய் வந்துவிடுவேன், மிச்சத்தை வந்து படியுங்கள் என்றேன். வருகிறேன் என்றார். படியிறங்கும்போது அத்தானின் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பி, "மன்னிச்சிட்டியாம்மா?" என்று கேட்டார்.

"மொதல்ல படிச்சு முடிங்க சார்" என்றேன்.